முன் சீட்டில் ஒரு வாழைத்தார்

மன்னிக்க வேண்டும் சார், மிதித்துவிட்டேன். வலிக்கிறதா? இருங்கள், செருப்பைக் கழற்றிவிடுகிறேன். வெறுங்கால் என்றால் அவ்வளவு தெரியாது. இனிமேல் மிதிக்க மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் மதுரை வரைக்கும் ரோடு கிடக்கிறது. இந்த டிரைவரும் முன்னால் போகிற வண்டியை நெருக்கிப் போய்த்தான் பிரேக் போடுகிறார். நீங்கள் பையை இந்தப் பக்கம் வைத்துவிட்டு, காலை அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டால் இரண்டு பேருக்கும் நல்லது.

வியாதியெல்லாம் இல்லை சார். தொழில்.

சங்கரன்கோவிலில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறேன். பெயர் தெய்வநாயகம். கற்றுக்கொடுக்கிற வண்டியில் இடது பக்கத்து ஆளுக்கும் ஒரு பிரேக் இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஓட்டுகிறவர் வலது பக்கம், நான் இடது பக்கம். குறுக்கே ஆடு வந்தால் கற்றுக்கொள்கிறவருக்கு ஆடு தெரியும், பிரேக் எது என்பது மறந்துபோகும். நான் மிதிப்பேன். கல்யாணமான வருஷத்திலிருந்து இதுதான் வேலை. அதனால் யார் வண்டி ஓட்டினாலும், நான் எங்கே உட்கார்ந்திருந்தாலும், இந்த வலது கால் தன் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்கும். சினிமாக் கொட்டகையில் திரையில் கார் வேகமாகப் போனால்கூட முன் சீட்டுக்காரர் திரும்பி முறைப்பார்.

அப்படியானால் பின்னால் போய் உட்காரலாமே என்கிறீர்கள். உட்காரலாம். பின்னால் ரோடு தெரியாது, கால் சும்மா இருக்கும். ஆனால் நான் இன்றைக்குப் பயிற்சிக்காக வந்திருக்கிறேன். ரோடும் தெரிய வேண்டும், காலும் சும்மா இருக்க வேண்டும். முன் சீட்டு கிடைப்பதற்காக இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு இதில் ஏறினேன்.

கார் இருக்கிறது சார். டிரைவிங் ஸ்கூல்காரனிடம் கார் இல்லாமல் இருக்குமா? ஸ்கூல் வண்டி வேறு, வீட்டு வண்டி வேறு. வீட்டு வண்டி நமக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. என் மனைவி ஓட்டிக்கொண்டு போகிறாள்.

இடம் இல்லை, அதுதான் காரணம். மகள் சுபாஷிணி மதுரையில் இருக்கிறாள். பேத்திக்கு நாளைக் காலையில் காதுகுத்து. பின் சீட்டில் கொழுந்தியாள் மல்லிகா, அவளைச் சுற்றிச் சீர்த்தட்டுகள், முறுக்கு, அதிரசம் என்று இரண்டு பெரிய தூக்கு. முன் சீட்டில் வாழைத்தார். நல்ல நாட்டுப்பழத் தார், சார். வடிவு அதை உட்காரவைத்து, சாய்ந்துவிடாமல் சீட் பெல்ட்டும் போட்டுவிட்டாள். டிக்கி காலியாகத்தான் இருந்தது. ஆனால் டிக்கியில் வைத்தால் பழம் அடிபடும் என்றாள். நியாயம்தானே. அடிபட்ட பழத்தைச் சபையில் எப்படி வைப்பது?

"நீங்க பஸ்ஸுல வாங்க. உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி," என்றாள். சண்டை போடவில்லை சார், சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். போன வருஷம் என்றால் இதற்கு ஒரு வாரம் பேச்சுவார்த்தை இருந்திருக்காது. எல்லாம் அந்தப் புத்தகம் வந்த பிறகு.

எந்தப் புத்தகமா? இதோ, பையிலேயே இருக்கிறது. பெயரைக் கேட்காதீர்கள், அட்டை போய்விட்டது. காலண்டர்த் தாளில் அட்டை போட்டிருக்கிறேன். பின்னால் ஆசிரியர் படம் மட்டும் மிச்சம், பாருங்கள். கோட்டு, டை, கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார். இந்த மனுஷனுக்கு ஒரு கவலை இருக்கும் என்று முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியுமா? அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில், வளையல் கடைக்கும் அல்வாக் கடைக்கும் நடுவில் ஒருவர் தார்ப்பாயில் புத்தகங்களைப் பரப்பியிருந்தார்.

எனக்காக வாங்கவில்லை. வடிவுக்காக.

அவள் முழுப்பெயர் சண்முகவடிவு. தங்கமான மனுஷி. ஆனால் அவளுக்குக் கவலைப்படவே தெரியாது சார். மகள் மதுரைக்குப் போய்ச் சேர்ந்தாளா என்று ஒரு போன் கிடையாது. "சேந்தா சொல்லுவா," என்பாள். கேஸ் மூடினோமா என்று திரும்பி வந்து பார்க்கிற வழக்கம் கிடையாது. வீட்டில் ஒருவர் ஒழுங்காகக் கவலைப்படவில்லை என்றால் அவர் பங்கையும் இன்னொருவர் சேர்த்துப் பட வேண்டியிருக்கிறது. நான் மகளுக்குப் போன் போடுவேன், கேஸைப் பார்ப்பேன், மோட்டாரைப் பார்ப்பேன், அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் சொல்லவருவது என்ன என்று புரிந்து பதிலும் சொல்லிவிடுவேன். இவ்வளவு செய்தும் அவளுக்கு என்மேல் சலிப்பு. முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாள். இவளுக்கு மனசில் என்னவோ சரியில்லை, படித்தால் தேறுவாள் என்று நினைத்தேன்.

சும்மா கொடுக்கவில்லை. நான் முதலில் புரட்டிப் பார்த்து, அவளுக்கு வேண்டிய வரிகளுக்கெல்லாம் சிவப்புப் பேனாவால் கோடு போட்டேன். 'கோபத்தை மறுநாளைக்குக் கொண்டுபோகாதே.' 'துணைவர் சொல்வதில் உள்ள நல்லதை மட்டும் எடுத்துக்கொள்.' அந்த மாதிரி. கோடு போட்டு, ஃபிரிட்ஜ் மேல், கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன். கொஞ்ச நாள் அங்கேயே கிடந்தது. பிறகு காணவில்லை. படிக்கிறாள் போல என்று சந்தோஷப்பட்டேன்.

சந்தோஷம் தீபாவளி வரை நீடித்தது.

தீபாவளி கழிந்த வாரம். நான் கழுகுமலை ரோட்டில் ஒரு பேங்க் மேனேஜருக்கு கிளாஸ் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எதிரே எல் போர்டு போட்டு ஒரு வண்டி வருகிறது. எஸ்தருடைய வண்டி. எஸ்தர் யார் என்று சொல்ல வேண்டும். என்னிடம் வண்டி கற்றுக்கொண்ட பெண்தான். கற்று முடித்துவிட்டு, கொஞ்ச நாள் கழித்து, பெண்களுக்கு மட்டும் என்று சொந்தமாக ஒரு டிரைவிங் ஸ்கூல் திறந்தாள். திறப்பு விழாவுக்கு எனக்குத்தான் முதல் பத்திரிகை. போகட்டும். அந்த வண்டியில் எஸ்தர் இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா. பச்சைச் சேலை. அந்தப் பச்சைச் சேலையை நான்தான் எடுத்துக்கொடுத்தேன்.

மிதித்தேன் சார். என் வண்டி நடு ரோட்டில் குலுங்கி நின்றது. மேனேஜர் என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்கிறார். என்ன சொல்வது? அவள் வண்டி நிற்கும் என்று மிதித்தேன். அது நிற்கவில்லை. என்னைக் கடந்து, நேராக, இன்டிகேட்டர் போட்டு, கழுகுமலைப் பக்கம் போய்விட்டது.

இன்னொன்று சொல்ல விட்டுப்போயிற்று. என்னுடைய ஸ்கூலின் பெயர் சண்முகவடிவு டிரைவிங் ஸ்கூல். கல்யாணமான புதிதில் ஆசையாக வைத்த பெயர். வண்டியின் இரண்டு பக்கக் கதவிலும், கூரை மேலும் அவள் பெயர்தான். அவள் போய் எஸ்தரிடம் சேர்ந்தால் ஊர் சும்மா இருக்குமா? டீக்கடையில் கால் வைத்ததுமே, அங்கே எப்போதும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பிச்சுமணி ஆரம்பித்துவிட்டான். "என்ன அண்ணாச்சி, போர்டுல இருக்கிறவங்களே கட்சி மாறிட்டாங்களாமே."

வீட்டுக்கு வந்து கேட்டேன். "நான் ஒருத்தன் இருக்கேன்ல? என்கிட்ட கேட்டா சொல்லித்தர மாட்டேனா?"

"நீங்க குடுத்த புஸ்தகத்துலதான் போட்டிருந்துச்சு," என்றாள். "ரொம்ப நாளா ஒதுக்கி வச்ச காரியம் ஒண்ண இந்த வாரமே ஆரம்பின்னு."

"அந்த வரிக்கு நான் கோடு போடலையே."

"நீங்க கோடு போட்டதெல்லாம் உங்களுக்குன்னு நெனச்சேன். கோடு போடாதத மட்டும் நான் படிச்சேன்."

எப்படி இருக்கிறது பாருங்கள். அதற்குப் பிறகு மூன்று வாரம் வீட்டில் பேச்சு இல்லை. தட்டு வரும், சோறு வரும், குழம்பு வரும். பேச்சு வராது. பிறகு ஒருநாள் நேராக எஸ்தரிடம் போனேன்.

"ஏம்மா, உனக்கே இது நல்லா இருக்கா?"

"சார், கோவப்படாதீங்க. அக்கா வந்து கேட்ட மொதக் கேள்வி என்ன தெரியுமா? உன் வண்டியில இந்தப் பக்கமும் பிரேக் இருக்கான்னாங்க. இருக்குக்கா, இல்லாம வண்டி எறக்க முடியாதுன்னேன். சரி, கிரவுண்டுல ஓட்டும்போது மட்டும் அதுல கால வைக்க மாட்டேன்னு சொல்லு, சேருதேன்னாங்க."

"நீ என்ன பண்ணின?"

"சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டேன் சார்."

சம்மணம். கற்றுக்கொடுக்கிற ஆள் வண்டிக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் அது டிரைவிங் ஸ்கூலா, பந்தியா? நானே சொல்லிக்கொடுத்த பெண். கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். அரிசி டிரம் மேல் கிடந்தது. வடிவை இப்படிக் கெடுத்தது எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க வேண்டும், அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டுபோய் தார்ப்பாய்க்காரரிடம் நியாயம் கேட்க வேண்டும். அவர் அடுத்த ஆடித்தபசுக்குத்தான் வருவார் என்பது அப்போது தோன்றவில்லை. ஒரு கிளாஸுக்கும் அடுத்த கிளாஸுக்கும் நடுவில், வண்டியை வேப்பமரத்தடியில் போட்டுவிட்டுப் படித்தேன். குற்றம் கண்டுபிடிக்கப் படிக்கிற மாதிரி வேறு எதையும் அவ்வளவு கவனமாகப் படிக்க முடியாது சார், நீங்கள் வேண்டுமானால் முயற்சி செய்துபாருங்கள்.

முதல் அத்தியாயத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாவது அத்தியாயம் கவலையைப் பற்றி. கவலையை விரட்டாதே, அதற்கு ஒரு நேரம் கொடு என்கிறார். தினமும் ஒரே இடம், கால் மணி நேரம். மற்ற நேரத்தில் கவலை வந்தால், இப்போது இல்லை, சாயங்காலம் வா என்று சொல்லி அனுப்பிவிட வேண்டுமாம். நம்ம ஆபீஸ்களில் நம்மை அனுப்புகிற மாதிரி. சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அப்போது பொழுது விடிந்தால் கவலைதான் முதலில் வந்து நிற்கும். சாயங்காலம் ஆறரை மணிக்கு மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் கால் மணி நேரம் போதவே இல்லை. அவசர அவசரமாகக் கவலைப்பட வேண்டியிருந்தது. ஆனால் ஒன்று கவனித்தேன். காலையில் பிடரியைப் பிடித்து ஆட்டியது சாயங்காலம் கூப்பிட்டால் பாதி வருவதில்லை. வந்ததும் ஆறிப்போய் வருகிறது. இப்போதெல்லாம் சில நாள் நேரம் மிச்சப்படுகிறது. அப்போது மிச்ச நேரத்துக்கு இந்த மாதிரி நெருக்கி ஓட்டுகிற டிரைவர்களுக்காகக் கவலைப்படுவேன். சும்மா விடுவானேன்.

மிதித்துவிட்டேனா? இல்லையே. ஆமாம், டிராக்டர் குறுக்கே வந்தது. ஆனால் மிதிக்கவில்லை, பாருங்கள், குதிகாலைத் தூக்கி வைத்திருக்கிறேன்.

மூன்றாவது அத்தியாயம்தான் முக்கியம். துணைவர் பேசும்போது குறுக்கே பேசாதே, யோசனை சொல்லாதே, முடித்துவிட்டார் என்று தோன்றினாலும் 'அப்புறம்?' என்று மட்டும் கேள் என்கிறார். நான் அந்த வரிக்கும் வடிவை நினைத்துத்தான் கோடு போட்டிருந்தேன். சரி, எப்படிச் செய்வது என்று அவளுக்குச் செய்து காட்டுவோம், பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். தொழில்புத்தி. முதலில் நாம் ஓட்டிக்காட்ட வேண்டும்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். நானே பேச்சை ஆரம்பித்தேன். மாவு புளித்துவிட்டதா என்று கேட்டேன்.

"புளிச்சுத்தான் போச்சு," என்றாள்.

காலையிலேயே ஃபிரிட்ஜில் வைத்திருக்க வேண்டும் என்று வாய் வரை வந்தது. மென்று விழுங்கிவிட்டு, "அப்புறம்?" என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். "என்ன அப்புறம்?"

"ஒண்ணுமில்ல. சொல்லு."

"ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். அப்புறம்?"

நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள் சார். ஆனால் ஒரு வாரம் விடாமல் செய்தேன். அவளுக்குப் பழகிவிட்டது. மளிகைக் கடையில் பார்த்தது, மல்லிகா மாமியார் சொன்னது, சுபாஷிணி சின்னப் பிள்ளையில் ஒருநாள் காணாமல்போய்க் கட்டிலுக்கு அடியில் தூங்கியது. இவ்வளவு பேசுவாளா இவள் என்று எனக்கே ஆச்சரியம். நான் அப்புறம், அப்புறம் என்றுகொண்டே இருந்தால் தோசையும் வந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நாளில் சாயங்காலம் நான் மாடியிலிருந்து இறங்கினால், "முடிஞ்சுதா? காப்பி ஆறுது," என்று கேட்க ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் காப்பி என்னைத் தேடி வந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

ஒருநாள் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் அதைச் சொன்னாள். கல்யாணமாகி இரண்டாவது மாசம் நான் அவளுக்கு வண்டி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். பழைய பியட். புளியங்குடி ரோடு. ஒரே ஒரு கிளாஸ்தான். மறுநாள் எனக்கு இதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பயந்துவிட்டாள் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பயமெல்லாம் இல்ல," என்றாள். "கிளட்ச விட்டேன், வண்டி நகந்துச்சு. நல்லா இருந்துச்சு. ஒடனே நின்னுருச்சு. மறுபடி நகந்துச்சு, மறுபடி நின்னுருச்சு."

"அப்புறம்?"

"அன்னைக்கு எத்தன தடவ நின்னுச்சு. அதுல ஒரு தடவகூட நான் நிறுத்தல. ரோட்டுல ஒரு ஆள் கிடையாது, ஆடு கிடையாது. இருந்தா நிறுத்தியிருப்பேன்ல. எனக்குத் தோணுறதுக்கு முந்தியே நின்னுரும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. வீட்டுக்கு வந்து ஒல வச்சேன்."

நீங்களே சொல்லுங்கள். பிரேக்கை யார் போட்டால் என்ன? வண்டி நின்றதா இல்லையா? புதுப் பெண்டாட்டிக்கு ஒன்று ஆகிவிடக் கூடாதே என்றுதானே மிதித்தேன். இதற்கு ஒரு மனக்குறையா, அதை இத்தனை காலம் மடித்து வைத்திருப்பதா என்று கேட்க நாக்கு துடித்தது. மூன்றாவது அத்தியாயம் கழுத்தைப் பிடித்துவிட்டது. தலையை ஆட்டினேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு இன்னும் அது சரியாகப் புரியவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து டிவி பார்த்தாள். நியூஸ்தான். அவளுக்கு நியூஸ் பிடிக்காது.

லைசென்ஸ் ஒரே தடவையில் வாங்கிவிட்டாள். டெஸ்ட்டுக்கு வரக் கூடாது என்றாள். போகவில்லை. எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றிருந்தேன், அவ்வளவுதான். மேட்டில் ஏறி நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும். என் மாணவர்களில் பாதிப் பேர் அங்கேதான் உருண்டுவிடுவார்கள். அவள் ஒரு இம்மி உருளவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரர்தான் காலைப் பிடித்துக்கொண்டு கத்தினார். டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்தினேன்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை அவள் ஓட்டி நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். தென்காசியில் ஒரு கல்யாணம். வீட்டு வண்டியில் என் பக்கம் பிரேக் கிடையாது. கால் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் கீழே விரித்திருந்த மிதியடி சுருண்டு போய்விட்டது. வாயும் சும்மா இருக்கவில்லை போலிருக்கிறது. ஹாரன், சைக்கிள், கியர், வளைவு. யோசனை இல்லை சார், தகவல். ஊர் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ஓரமாக நிறுத்தி, "எறங்குங்க," என்றாள். டயரைப் பார்க்கச் சொல்கிறாள் என்று நினைத்து இறங்கினேன். நாலு டயரிலும் காற்று சரியாக இருந்தது. அதைச் சொல்லலாம் என்று நிமிர்ந்தால் வண்டியைக் காணோம். மறந்துபோய்விட்டாள். அவளுக்கு ஞாபகமறதி உண்டு. தென்காசி பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, என் இலையில் இன்னொரு கரண்டி அவியல் போடச் சொன்னாள். பிறகென்ன வேண்டும்?

பயிற்சி எதற்கு என்று கேட்டீர்கள் அல்லவா, அங்கேதான் வருகிறேன்.

நாளைக்குக் காதுகுத்து முடிந்ததும் வடிவு ஊருக்குத் திரும்பவில்லை. அங்கிருந்து நேராக ராமேஸ்வரம் போகிறாள். அவளே ஓட்டிக்கொண்டு. கல்யாணமான வாரம் நான் சொன்னது சார் அது. பியட்டில் பாம்பன் பாலத்தில் போவோம், நடுப் பாலத்தில் கடலைப் பார்ப்போம் என்று. ஒவ்வொரு வருஷமும் ஏதாவது வந்துவிடும். யாருக்காவது டெஸ்ட் இருக்கும், மழை என்பார்கள், காற்று என்பார்கள். வண்டியில்லாத பிச்சுமணிகூட போய்விட்டு வந்துவிட்டான். இப்போது அவள் கிளம்பிவிட்டாள். மல்லிகா வரமாட்டாள், அவளுக்குப் பாலம் என்றால் தலைசுற்றும். சுபாஷிணிக்கு வீடு நிறைய விருந்தாளி. ஆக, இருப்பது அந்த முன் சீட்டு ஒன்றுதான்.

நான் அந்தச் சீட்டில் உட்கார்ந்து பாலத்தைப் பார்க்க வேண்டும் சார். வேறு ஆசை எனக்கு இப்போது இல்லை.

நேற்றுக் கேட்டேன். "நானும் வரட்டுமா?"

அவள் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "பாப்போம்," என்றாள்.

அவ்வளவுதான். பாப்போம் என்றால் எதைப் பார்த்துச் சொல்வாள் என்று யோசித்தேன். காலைத்தான் பார்ப்பாள். அதனால்தான் முன் சீட்டு. மதுரை போவதற்குள் இந்தக் காலை ஒரு வழிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஶ்ரீவில்லிபுத்தூர் வரை மோசம், உங்களுக்கே தெரியும். கிருஷ்ணன்கோவிலுக்குப் பிறகு பரவாயில்லை. இப்போது எஸ்தரை நினைத்துக்கொண்டு சம்மணம் போட்டுப் பார்க்கப் போகிறேன். சீட்டு கொஞ்சம் குறுகல், முழங்கால் உங்கள் மேல் இடித்தால் சொல்லுங்கள்.

ஒரு நிமிஷம் சார். போன். அவள்தான்.

ம், சொல்லு.

ம்.

ம். அப்புறம்?

இருக்கேன், லைன்லதான் இருக்கேன். சொல்லு.

அப்புறம்?

சரி.

சரி, சரி. வச்சிரு.

போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். கல்லுப்பட்டி தாண்டி முன்னால் போன லாரி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டதாம். "நானும் நிறுத்திட்டேன்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எவ்வளவு இடைவெளி விட்டிருந்தாள், என்ன கியர், பின்னால் வந்தவன் இடிக்கவில்லையா, எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பார்த்தீர்கள் அல்லவா, நீங்கள் சாட்சி. அப்புறம் என்று மட்டும்தான் கேட்டேன். சத்தத்தையே காணோம் என்று அவள்தான் லைனில் இருக்கிறீர்களா என்று கேட்டாள்.

ஆனால் கடைசியில் ஒன்று சொன்னாள். அதுதான் எதற்கு என்று தெரியவில்லை. "வாழத்தார எறக்கியாச்சு," என்றாள்.

வாழைத்தார் என்றால் இறக்கத்தானே செய்வார்கள்? காரிலேயேவா காதுகுத்து நடக்கப்போகிறது? தூக்கை இறக்கியதைச் சொல்லவில்லை, தட்டுகளை இறக்கியதைச் சொல்லவில்லை. இதை ஒரு செய்தி என்று போனில் சொல்கிறாள், நானும் சரி, சரி என்று வைத்துவிட்டேன்.

ஏன் சார் சிரிக்கிறீர்கள்?

என்ன, முன் சீட்டா?

இல்லை சார், அப்படி இருக்காது. அப்படி என்றால் வாயைத் திறந்து சொல்லியிருப்பாளே.

சொல்லிவிட்டாள் என்கிறீர்களா?

ம்.

அடடா, பிடித்துக்கொள்ளுங்கள். ஆட்டோக்காரர் ஒடித்துத் திருப்பிவிட்டார். ஒன்றும் ஆகவில்லை, நின்றுவிட்டது. நல்ல டிரைவர்தான் இவர். ஆனால் சார், ஒன்று சொன்னால் தப்பாக நினைக்க மாட்டீர்களே? என் கால் இரண்டும் மேலே இருக்கிறது, பாருங்கள். இப்போது மிதித்தது நீங்கள். பரவாயில்லை, பரவாயில்லை, காலில் இல்லை, கீழே கிடக்கிற என் செருப்பைத்தான் மிதித்தீர்கள். அதற்கு வலிக்காது.

ஆனி மாசம் பாலத்தின் மேல் காற்று எப்படி இருக்கும் சார்? காரைச் சாய்க்கிற அளவுக்கு அடிக்கும் என்று யாரோ சொன்னார்களே.

வேண்டாம், சொல்லாதீர்கள். அதற்குச் சாயங்காலம் ஆறரை மணி இருக்கிறது.